அறை, பெட்டி, பம்பை: குடியாத்தம் பக்கம் ஒரு கல்லூரி இசை வகுப்பு உருவாகும் பதிவு

குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் இடையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இசை வகுப்பு தொடங்கும் பொறுப்பு எனக்கும் இன்னொரு ஆசிரியைக்கும் வந்தது. அவர் வயலின், நான் வாய்ப்பாட்டு. தனிப் பட்டப்படிப்பு அல்ல, பி.காம்., பி.எஸ்சி. என்று ஏதாவது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கூடவே சேர்ந்து படிக்கும் சான்றிதழ் வகுப்பு. வேறு ஊர்களில் இதே வேலையை எடுத்திருக்கும் நண்பர்கள் "பாடத்திட்டத்தை அனுப்புங்க" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாடத்திட்டம் நாலு பக்கம், அனுப்பிவிடலாம். ஆனால் அதை எழுத உட்காருவதற்கு முன்னால் அறையையும் வாத்தியங்களையும் சரிசெய்ய வேண்டும், ஊரில் ஏற்கெனவே இருக்கும் கலைஞர்களை வகுப்புக்குள் உட்கார வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் வகுப்பு காகிதத்தில்தான் இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி மரச்சட்டம், சாக்கு, ரீடு, தோல் பற்றித்தான்.

அறை

எங்களுக்குக் கிடைத்தது 30 அடிக்கு 20 அடி, 11 அடி உயரமுள்ள அறை. பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கி வைத்திருந்த இடம். மேலே கான்கிரீட், சுற்றிலும் சிமெண்டுப் பூச்சு, கீழே மொசைக். நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டினால் அது இரண்டு சுவருக்கும் நடுவே படபடவென்று அடித்துக்கொண்டே போகும். பாடிப் பார்த்தால் இன்னும் சிரமம். 'ச' பாடிவிட்டு 'ரி'க்குப் போனால் பழைய 'ச' அறையில் ஓடிக்கொண்டிருக்கும். தேர்ந்த பாடகர் இதைத் தாங்கிக்கொள்வார். முதல்முறை சுருதி பிடிக்கும் பிள்ளைக்கு, தன் குரல் சேர்ந்ததா இல்லையா என்று தெரிய வழியே இல்லை. சேர்ந்தது தெரியாவிட்டால் எதைத் திருத்துவது?

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து, ஒவ்வொன்றாக வைத்து, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றும் எல்லாரும் பயன்படுத்தும் சூத்திரம். அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் நொடியில் வரும்.

எங்கள் அறை ஏறக்குறைய 187 கன மீட்டர். சிமெண்டுப் பூச்சும் மொசைக்கும் தம்மீது விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கைத்தான் உறிஞ்சும் என்று வைத்தால், காலி அறையில் ஒலி அடங்க நாலரை நொடிக்கு மேல் ஆகும். திறந்த ஜன்னல் முழுசாக உறிஞ்சும் பரப்பு. ஒலி வெளியே போய்விடும், திரும்பாது. நாலடிச் சதுரத்தில் இருக்கும் நாலு ஜன்னலையும் திறந்தாலே நேரம் பாதியாகிவிடும். திறந்தும் பார்த்தோம், உண்மைதான். ஆனால் காட்பாடி - ஜோலார்பேட்டை ரயில்பாதை கிட்டே இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் வகுப்பு நின்று போகும். சரி, ஜன்னலைச் சாத்திவிட்டு உறிஞ்சும் பலகைகளை நாமே செய்வது என்று முடிவானது.

கடையில் விற்கும் ஃபோம் பலகை எங்களுக்குச் சரிப்படவில்லை. மெல்லிய ஃபோம் உச்ச ஒலியை மட்டும் தின்னும். குரலின் கனமான பகுதியை அப்படியே விட்டுவிடும். இங்கே கையருகிலேயே நல்ல பொருள் இருக்கிறது. குடியாத்தம் கைத்தறி லுங்கிக்குப் பேர்போன ஊர். தறிப்பட்டறைகளில் கழிவு நூல் மூட்டை மூட்டையாகச் சேரும். பருத்தி நார் ஒலியை நன்றாக உறிஞ்சும்.

செய்த விதம் இது. நாலடிக்கு இரண்டடி, மூன்று அங்குல ஆழத்தில் ரீப்பர் கட்டையில் சட்டம். பின்பக்கம் கோழிவலை. அதற்குள் கழிவு நூல். முன்பக்கம் நெருக்கமில்லாத சாக்குத் துணியை இழுத்து ஆணி அடித்தோம். நூலை இறுக்கித் திணிக்கக் கூடாது. இறுகினால் அது சுவர் போல ஒலியைத் திருப்பிவிடும்; தளர்ந்தால் ஒரு மாதத்தில் கீழே சரிந்து மேல் பாதி வெறும் பெட்டியாக நிற்கும். கையால் அமுக்கினால் அரை அங்குலம் உள்வாங்கித் திரும்பி எழ வேண்டும், அந்தப் பதம். சரியாமல் இருக்க நடுவில் குறுக்காக இரண்டு வரிசை சணல் கயிறு கட்டினோம்.

பருத்தி எளிதில் தீப்பிடிக்கும். அதனால் நூலை முதலில் வெண்காரம் ஏழு பங்கு, போரிக் அமிலம் மூன்று பங்கு கலந்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வெயிலில் முழுக்கக் காயவைத்தோம். இதைச் செய்தால் சுடர் பற்றிப் படராது, பூச்சியும் அண்டாது. தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர் என்பதால், காயவைக்க மொட்டை மாடி கொடுத்த வீட்டு அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே முதலில் கேட்டார், "நெருப்புக்கு இன்னா பண்ணப் போறீங்க?" பிளக் பாயிண்ட் பக்கம் எந்தப் பலகையும் மாட்டவில்லை. சட்டத்துக்கு வேப்பெண்ணெய் பூசினோம், கரையானுக்காக.

மாட்டும்போது சுவரோடு ஒட்டி மாட்டக் கூடாது. இரண்டு அங்குலக் கட்டை கொடுத்து இடைவெளி விட்டோம். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசையாது. கொஞ்சம் தள்ளி வந்தால்தான் அசையும். நார் காற்றின் அசைவைத்தான் தின்கிறது. இடைவெளி விட்டால் அதே நூல் இன்னும் கீழ் ஸ்தாயி வரை வேலை செய்யும். எதிரெதிர்ச் சுவர்களில் பலகைக்கு நேரே பலகை வராமல், பலகைக்கு நேரே வெறும் சுவர் வரும்படி மாற்றி மாற்றி வைத்தோம். பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள், அதனால் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி ஆறடி வரை. மொத்தம் 12 பலகைகள். தரைக்கு ஜமக்காளம். 25 பேர் உட்கார்ந்தால் கணக்குப்படி ஒன்றேகால் நொடிக்குப் பக்கத்தில் வரும். காதுக்கும் அப்படித்தான் இருக்கிறது.

மேற்கூரையையும் மூடலாமா என்று ஒரு யோசனை இருந்தது. பார்க்க வந்த கூத்து வாத்தியார் ஒரு விருத்தம் பாடிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல மூடாதீங்க சார். கொரல் கொஞ்சம் திரும்பி வரணும். இல்லாங்காட்டி புள்ளைங்க தொண்டைய கிழிச்சிக்கும்" என்றார். திறந்தவெளியில், ராத்திரி முழுக்க, கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகியவர் சொல்கிறார். கூரையை அப்படியே விட்டுவிட்டோம்.

பெட்டி

இங்கே ஆர்மோனியத்துக்குப் பெட்டி என்றுதான் பெயர். எங்களுக்கு நாலு பெட்டிகள் வந்தன. ஒன்று கல்லூரிக் கிடங்கில் இருந்தது, ஒன்று பஜனைக் கோயிலிலிருந்து, ஒன்று ஒரு தேவாலயத்திலிருந்து, ஒன்று கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஒதுக்கி வைத்தது. நாலும் பேசாத பெட்டிகள். கர்நாடக சங்கீதக்காரர்களில் சிலருக்குப் பெட்டி பிடிக்காது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, அதில் வராது என்பார்கள். அகில இந்திய வானொலியே 1940இல் அதைத் தடை செய்து 1971இல்தான் திரும்ப உள்ளே விட்டது. ஆனால் வட ஆற்காட்டில் கூத்து, நாடகம், பஜனை, கோயில், சர்ச் எல்லாவற்றிலும் பெட்டிதான். இந்தப் பிள்ளைகளின் காது அதில்தான் வளர்ந்திருக்கிறது. அதை வகுப்புக்கு வெளியே நிறுத்த எனக்கு மனசில்லை.

பெட்டியின் உள்வேலை சுலபம். கையால் இயக்கும் வெளித் துருத்தி காற்றை உள் துருத்திக்கு அனுப்பும். உள் துருத்தியில் ஸ்பிரிங் இருப்பதால் காற்று ஒரே அழுத்தத்தில் ரீடு அறைக்குப் போகும். கட்டையை அழுத்தினால் அடியிலுள்ள மூடி தூக்கும், காற்று பித்தளை ரீடின் நாக்கை அதிரவைத்து வெளியேறும். ஆகவே எந்தப் பழுதானாலும் மூன்று இடத்தில் பார்த்தால் போதும்: காற்று கசிகிறதா, மூடி சரியாக உட்காருகிறதா, நாக்கு அதிர்கிறதா.

முதலில் கசிவு. எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை நிரப்பி விட்டுவிட வேண்டும். உள் துருத்தி மெதுவாக இறங்கினால் நல்ல பெட்டி. எங்கள் கூத்துப் பெட்டி நிரப்பிய கையோடு இறங்கியது. அதைக் கொண்டு வந்தவர், "பாட்டுக்கு முன்னாடி இதுக்குத்தான் மூச்சு வாங்குது" என்றார். விளக்கை அணைத்து உள்ளே டார்ச் வைத்துப் பார்த்ததில், துருத்தியின் மடிப்பு மூலைகளில் ஊசி ஊசியாக வெளிச்சம். கரப்பான் தின்ற தோல்.

இதற்குத்தான் இந்த வட்டாரத்தின் தோல் தொழில் கைகொடுத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள், ஷூ தைக்கும் பட்டறைகள். ஷூவுக்கு உள்வரியாகப் போடும் மெல்லிய ஆட்டுத்தோல் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கினோம். துருத்தி மூலைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. மெத்தென்று இருக்கும், மடியும், காற்றை விடாது. பழைய தோலை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து உரித்து, புதுத்தோலின் ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்கி ஒட்ட வேண்டும். சீவாமல் ஒட்டினால் மடிப்பு தடித்துத் துருத்தி முழுசாக மூடாது. ஒட்டும்போது துருத்தி பாதி விரிந்த நிலையில் இருக்கட்டும். முழுக்க விரித்து ஒட்டினால் மூடும்போது தோல் சுருண்டு நிற்கும், மூடி வைத்து ஒட்டினால் விரியும்போது கிழியும். மூலைத் தோல் மாற்றிய பெட்டி இப்போது ஒரு முழு வரி பாடி முடிக்கும்வரை காற்றை வைத்துக்கொள்கிறது.

அடுத்து மூடிகள். சில கட்டைகள் தொடாமலே கத்திக்கொண்டிருந்தன. மூடியின் அடியில் ஒட்டிய தோல் இறுகியிருந்தது, இரண்டில் குளவி மண் கூடு. பஜனைக் கோயில் பெட்டியைத் திறந்தபோது ரீடு அறை முழுக்க விபூதித் தூள். அதே ஆட்டுத்தோலை அளவெடுத்து மூடிகளுக்கும் ஒட்டினோம்.

கடைசியாக ரீடு. பேசாத ரீடில் பெரும்பாலும் தூசிதான் காரணம். நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய தாளை நுழைத்து மெதுவாக இழுத்தால் போதும். வாயால் ஊதக் கூடாது, ஈரம் பித்தளையைக் களிம்பேற்றும். சுருதி விலகிய ரீடுக்குத்தான் பொறுமை வேண்டும். நாக்கின் நுனிப்பக்கம் ஒரு சுரண்டு சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். சுரண்டும்போது நாக்கு வளையாமல் இருக்க அடியில் மெல்லிய எஃகுத் தகடு வேண்டும். பைக் மெக்கானிக்கிடம் இருக்கும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெலிந்த இதழ் அதற்குச் சரியாக இருக்கிறது. சுரண்டிய உடனே அளக்கக் கூடாது. கை சூட்டில் பித்தளை இளகிச் சுருதி கொஞ்சம் இறங்கிக் காட்டும், ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பெட்டியின் மேல்மூடியைப் போட்டு, ஒரே அழுத்தத்தில் காற்று கொடுத்துப் பார்க்க வேண்டும். திறந்த பெட்டியில் பார்த்த சுருதி மூடினால் மாறும். அளக்க செல்போன் டியூனர் போதும்.

இந்த வேலையில் பிள்ளைகளைக் கூடவே உட்கார வைத்தது நல்லதாகப் போயிற்று. காரணம், ரீடைத் திருத்தும்போது அவர்கள் சுருதியைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு ரீடு கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருந்தால் ஒலி அலை அலையாக வரும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். சேர்ந்ததும் அலை நின்றுவிடும். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பெண் ஒருத்தி, "இது எங்க லேப்ல ட்யூனிங் ஃபோர்க்ல பாத்தது மேடம்" என்று வயலின் டீச்சரிடம் ஓடினாள். அதற்கு அடுத்த பாடமும் அங்கேயே நடந்தது. தம்புராவை ஒரு கட்டை சுருதிக்கு (சுருதியின் உயரத்தையும் கட்டை என்றுதான் சொல்வோம்) மீட்டிக்கொண்டே பெட்டியில் அந்தர காந்தாரத்தை, அதாவது உயர்ந்த 'க'வை, அழுத்தச் சொன்னோம். தம்புராத் தந்தியின் ஒலிக்குள்ளேயே ஒரு காந்தாரம் இருக்கிறது. பெட்டியின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் கூட, அதாவது அரைஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. மேல் ஸ்தாயியில் நொடிக்குப் பத்து அலை அடிப்பது காதில் விழுந்தது. பிறகு பெட்டியை நிறுத்தி, அலை இல்லாத காந்தாரத்தைத் தேடிப் பாடச் சொன்னோம். கொஞ்சம் இறக்கி, இறக்கி, ஒரு இடத்தில் குரல் தம்புராவோடு ஒட்டிக்கொண்டது. அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பெட்டி எங்கே உதவும், எங்கே தம்புராவிடம் போக வேண்டும் என்று இதற்கு மேல் விளக்கத் தேவைப்படவில்லை.

தோல்

இவ்வளவு தோல் கிடைக்கும் ஊரில் மிருதங்கத்துக்குத் தோல் கிடைப்பதில்லை. பதனிட்ட தோலின் நார்கள் மெத்தென்று ஆகிவிடும், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கணீரென்று பேசாது. மிருதங்கத்துக்குப் பதனிடாத பச்சைத் தோலை உலர்த்தி எடுக்க வேண்டும். வலப்பக்க முகமான வலந்தலையில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும், இடப்பக்க முகமான தொப்பியில் எருமைத்தோலும் சேரும். அந்த வேலை தெரிந்தவர்களிடம்தான் போக வேண்டும், நாமே செய்து பார்க்கும் விஷயம் அல்ல.

வார் இழுத்துக் கட்டிய மிருதங்கத்தை இங்கே இறுக்கித் தர ஆள் இல்லாததால், பழகுவதற்கு போல்ட் நட்டு வைத்தவை வாங்கினோம். காது பழக ஒரே ஒரு வார் மிருதங்கம். வார் மிருதங்கத்தின் நாதம் தனி, அதைப் பிள்ளைகள் கேட்காமல் போகக் கூடாது. பிறகு பராமரிப்பு. தொப்பியில் தடவும் ரவையை வகுப்பு முடிந்ததும் வழித்துத் துடைத்துவிட வேண்டும். விட்டால் எலியும் கரப்பானும் தோலோடு சேர்த்துத் தின்னும். வேலூர் வெயில் எல்லாருக்கும் தெரிந்தது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும்போது தோல் தானாகவே இறுகி வெடிக்கும். மே மாதம் கல்லூரி மூடும் முன் போல்ட்டைத் தளர்த்தி, துணி சுற்றி, வெயில் படாத உள்சுவர் பக்கம் மர அலமாரியில் வைக்கிறோம். பீரோவில் வேண்டாம், இரும்பு கொதிக்கும்.

மிருதங்கம் என்றால் தஞ்சாவூர், சென்னை என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். 2004இல் சங்கீத கலாநிதி பெற்ற மிருதங்க வித்வான் பெயரே வேலூர் ராமபத்ரன் என்று சொன்னபோது ஒரு பையன் அன்றே அவர் வாசிப்பைத் தேடி எடுத்துக் கேட்டுவிட்டு வந்தான்.

பம்பைக்காரர் ஐயா

சேர்க்கைக்கு வந்தவர்களிடம் "சங்கீதம் தெரியுமா" என்று கேட்டால் ஒருவர் விடாமல் "தெரியாது" என்றார்கள். கேள்வியை மாற்றி "திருவிழாவுல நீங்க என்ன பண்ணுவீங்க" என்று கேட்டோம். மார்கழி பஜனையில் ஜால்ரா போடுகிறவன், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவள், பேரணாம்பட்டிலிருந்து வரும், மீலாது விழாவில் நாத் (நபியைப் போற்றும் பாட்டு) பாடும் பையன், அப்பா கூத்தில் வேஷம் கட்டுகிறார் என்ற இரண்டு பேர், மாமா பம்பை அடிக்கிறார் என்ற ஒருவன். அந்த மாமாவைத்தான் வகுப்புக்கு அழைத்தோம்.

வட ஆற்காட்டில் அம்மன் திருவிழா என்றால் பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடக்கும்போது ஊரே அந்த ஒலியில்தான் நகரும். பம்பையில் இரண்டு உருளைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கும். இடுப்பில் கட்டிக் குச்சியால் அடிப்பார்கள். ஐயா வந்த அன்று வாசலிலேயே நின்றுவிட்டார். அடிக்கும் இடத்தில் நின்று அடித்துவிட்டுப் போவதுதான் அவருக்குப் பழக்கம். ஆசிரியர் நாற்காலியை எடுத்து முன்னால் போட்டு, வருகைப் பதிவேட்டை அவர் கையில் கொடுத்து, பிள்ளைகளை எழுந்து வணக்கம் சொல்ல வைத்தோம். இதைச் செய்யாமல் கிராமியக் கலையைப் பாடத்தில் சேர்த்தோம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை. சம்பளமும் அப்படித்தான், எங்களுக்கு ஒரு மணிக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. பட்டம் இல்லாதவருக்கு எந்தத் தலைப்பில் பணம் கொடுப்பது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கலைஞர்களைக் கல்வி நிறுவனத்தில் அமர்த்திக் கற்பிக்க வைப்பதற்கான வழிகாட்டுதல்களைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023இல் வெளியிட்டிருக்கிறது. அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்த பிறகு வேலை நடந்தது. மற்றக் கல்லூரிக்காரர்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பில் அவர் ஒரு ஊர்வல அடியை அடித்துக் காட்டினார். பையன்களும் பெண்களும் யாரும் சொல்லாமலே தோளை ஆட்டினார்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். மூன்றும் நாலும், ஏழு. "தகிட தகதிமி" என்று வாயால் சொல்லவைத்தேன், பம்பையோடு அச்சாக உட்கார்ந்தது. ஏழு எண்ணிக்கை மிஸ்ர ஜாதி. சங்கீத வகுப்பில் மாதக்கணக்கில் பழகியும் தடுமாறும் கணக்கு, இவர்கள் உடம்பில் சின்ன வயதிலேயே ஏறியிருக்கிறது. கைக்கணக்கு மட்டும்தான் நாம் சொல்லித்தர வேண்டும். ஐயா நின்று கேட்டுவிட்டு, "எங்க அப்பா இதை எண்ணி சொல்லித்தரல சார். நடந்துகிட்டே அடிக்க சொல்ல காலு சொல்லும்" என்றார். அதன் பிறகு தாள வகுப்பை உட்கார்ந்து ஆரம்பிப்பதை நிறுத்திவிட்டோம். முதல் பத்து நிமிடம் ஐயா பம்பையோடு அறையைச் சுற்றி நடை. அப்புறம்தான் உட்கார்ந்து விரல் எண்ணுவது.

இங்கிருந்து திருப்புகழுக்குப் போனோம். காட்பாடிக்கு அந்தப் பக்கம்தான் வள்ளிமலை. அருணகிரிநாதர் பாடிய தலம். திருப்புகழின் சந்தங்களைச் சொற்களை எடுத்துவிட்டு வெறும் 'தன தத்தன' என்று சொல்லிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தாளப் பயிற்சி. பம்பை அடி, சொற்கட்டு, சந்தம், கடைசியாக சூளாதி ஏழு தாளங்கள், அதாவது கர்நாடக சங்கீதத்தின் அடிப்படைத் தாளங்கள். இந்த வரிசை எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. பெண்களும் பம்பை கட்ட வேண்டும் என்று கேட்டபோது ஐயா கொஞ்சம் யோசித்தார். கோயிலில் அவர் சொல்வதே சட்டம், வகுப்பில் எல்லாரும் கற்கலாம் என்று பேசி முடிவானது. இப்போது அவருக்கு அதில் தயக்கம் இல்லை.

அப்புறம் பாடத்திட்டம்

கல்லூரியின் தரமதிப்பீட்டுக்குக் (நாக்) கணக்கில் வர ஒரு சான்றிதழ் வகுப்பு 30 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அதை ஒரு பருவத்துக்கு வைத்து, மூன்று பருவமாகப் பிரித்திருக்கிறோம்.

முறைப்படி முதல் ராகம் மாயாமாளவகௌளை. நாங்கள் மோகனத்தில் தொடங்குகிறோம். இதை ஒப்புக்கொள்ளாத ஆசிரியர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆறு வயதில் தொடங்கும் குழந்தைக்கு அந்த ராகத்தில் சுத்த ரிஷபத்திலிருந்து (தாழ்ந்த 'ரி') அந்தர காந்தாரத்துக்குத் தாவும் இடைவெளி பழகிவிடும். பதினெட்டு வயதில், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கும் பிள்ளைக்கு அந்தத் தாவலிலேயே ஒரு பருவம் போய்விடும். மோகனத்தின் ச ரி க ப த ஏற்கெனவே அவர்கள் காதில் இருக்கிறது. கூத்துப் பாட்டிலும் தாலாட்டிலும் இருக்கிறது. சுருதி நின்ற பிறகு, இரண்டாம் பருவத்தில், மாயாமாளவகௌளை.

பாடும் சுருதிக்கு ஏற்பக் கட்டை பிரிப்பதில் ஒரு நல்ல வழி கிடைத்தது. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை என்பது வழக்கம். கூத்துக் குடும்பத்துப் பையன்கள் நாலு, ஐந்து கட்டையில் பாடிப் பழகியவர்கள். அவர்களைப் பெண்கள் வரிசையோடு உட்கார வைத்தோம். கீழே இழுத்து அவர்கள் குரலைக் கெடுக்கவில்லை.

நேர அட்டவணைக்கு ஊர்க் காலண்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பங்குனிக்கு மேல் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் வீழும் படுகளம். அந்த வாரங்களில் கூத்துப் பையன்கள் விடியும்வரை விழித்திருப்பார்கள். அவர்களுக்கு ஆப்சென்ட் போடுவதற்குப் பதிலாக, கூத்தில் பாடிய ஒரு தருவை (கூத்துப் பாட்டை)ப் பதிவு செய்து வந்து அதன் ராகத்தையும் தாளத்தையும் வகுப்பில் விளக்க வேண்டும் என்று வைத்தோம். முகாரியை நான் விளக்கியதைவிட, படுகளத்து ஒப்பாரியைப் பாடிக் காட்டி அந்தப் பையன் நன்றாக விளக்கினான்.

மேலே போக விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் இரண்டும் உண்டு. அரசு இசைக் கல்லூரிகளில் மூன்று வருட இசைக்கலைமணி, அதன் மேல் ஒரு வருட ஆசிரியர் பயிற்சி. பள்ளி இசை ஆசிரியர் வேலைக்கு இந்த வழியில் போகலாம் என்பதை முதல் வகுப்பிலேயே பெற்றோரை உட்கார வைத்துச் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான், கேட்பதும் சரிதான்.

இன்னும் முடியாத வேலைகள். கூத்தில் வரும் குழல் வாத்தியமான முகவீணையை ஊதுகிறவர்கள் இந்தப் பக்கம் குறைந்துகொண்டே வருகிறார்கள், செய்யாறு பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். தவில் வகுப்பை இதே அறையில் வைத்தால் பக்கத்து அறையில் பாடம் நடத்த முடியாது. விளையாட்டு மைதானத்து ஓரமாக ஓலைக் கொட்டகை ஒன்று கேட்டிருக்கிறோம். அதற்குச் சுவரே வேண்டாம். தேவாலயத்துப் பெட்டியில் கீழ் வரிசை ரீடுகள் சில உடைந்திருக்கின்றன. குஜராத்தின் பாலிதானா ரீடுகள் பெயர்பெற்றவை, அங்கிருந்து வரவழைத்து மாற்ற வேண்டும். வந்ததும் அளவுகளோடு எழுதுகிறேன்.